கோல் கம்பங்களுக்கு இடையில் 49,200 வண்ணத்துப்பூச்சிகள்

ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காக நான் சுவிஸ் போய் வந்தேன். போர் முடிந்து ஆறாவது வருடம், சித்திரை மாதம். எனக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு முழங்கால்களும் சொல்வழி கேட்பதில்லை. விசா விண்ணப்பத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘ஒரு வாக்கியத்தைத் திருத்துதல்’ என்றே எழுதினேன். விண்ணப்பத்தை வாங்கிய பெண் அதை மூன்று தரம் வாசித்தாள்.

“ஐயா, உறவினரைப் பார்க்க என்று போடலாமா?”

“அங்கே எனக்கு உறவினர் இல்லை.”

“நண்பரை?”

“அவன் நண்பன் இல்லை. மாணவன்.”

கடைசியில் அவளே ‘சுற்றுலா’ என்று எழுதிக்கொண்டாள். சுற்றுலாவாம்! கோபத்தோடு புறப்படுகிறவனுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

கோபத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் கானா நாட்டில் காட்டுப் பக்கத்து மிஷன் பள்ளி ஒன்றில் நான்கு வருடம் விலங்கியல் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போன பலரில் நானும் ஒருவன். அந்தக் காடுகளில் ஒரு சிறிய வண்ணத்துப்பூச்சி உண்டு. மண்ணிறச் சிறகு, அதில் செம்மஞ்சள் திட்டு, முகத்துக்கு முன்னால் மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு. விஞ்ஞானப் பெயர் லிபைதியா லப்டாகா. சாதாரண நாட்களில் காட்டு வழியில் ஈரமண்ணில் உட்கார்ந்திருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சில வருடங்களில் மட்டும் அது கூட்டமாகக் கிளம்பும். காலையில் தொடங்கி மதியம் வரை, ஒரே திசையில், ஒரே வேகத்தில், லட்சக்கணக்கில் போய்க்கொண்டேயிருக்கும். வழியில் கட்டிடம் வந்தால் சுற்றிப் போகாது. சுவரோடு மேலே ஏறி, கூரையைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, அதே திசையில் போகும். எங்கள் ஆய்வுகூடத்தின் ஒரு ஜன்னலால் வந்து மறு ஜன்னலால் போனதை நானே கண்டிருக்கிறேன்.

இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எண்ணாமல் எப்படி இருப்பது? பள்ளி மைதானத்தின் கோல் கம்பங்களை வாசலாக வைத்துக்கொண்டேன். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு இருபத்துநான்கு அடி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் எண்ணுவது, நான்கு நிமிடம் ஓய்வு. பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். ஒரு கையில் பன்னிரண்டு. பன்னிரண்டு முடிய மறு கையில் ஒரு கணு. அங்கே தச்சுவேலை படிப்பித்த சுவிஸ்காரர் ரூடி எனக்கு ஒரு நாற்காலியும் குடையும் தந்து, என்னைப் படமும் எடுத்தார். ஊர் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் குறிப்புப் புத்தகத்தை அவரிடம் விட்டு வந்தேன். பின்னர் எங்கள் நாட்டில் நடந்தவற்றில், வண்ணத்துப்பூச்சிகள் எந்தத் திசையில் போயின என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் கழித்து மகேந்திரன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். ஊர் திரும்பிய பிறகு நான் படிப்பித்த பிள்ளை. எண்பதுகளில் அகதியாகப் போனவன். இப்போது சுவிசின் கூர் நகரிலும் பக்கத்து ஊர்களிலும் மூன்று கட்டிடங்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் இருக்கிறான். அவற்றில் ஒன்று, பழைய மிஷன் ஆட்கள் கொண்டுவந்த பொருட்களை வைத்திருக்கும் சின்னக் காட்சிச்சாலை. கண்ணாடி துடைத்துக்கொண்டு போனவன் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டானாம். குடையின் கீழ், விரல் கணுவில் பெருவிரலை வைத்தபடி, நான்.

படத்தின் கீழிருந்த எழுத்தை அவனே தமிழாக்கி அனுப்பினான். ‘எங்கள் ஆசிரியர் ரூடி வண்ணத்துப்பூச்சிகளின் இடப்பெயர்வை எண்ணினார். ஒரே காலையில் ஒரு கோலின் ஊடாக 49,200. படத்தில்: உள்ளூர் உதவியாளர் ஒருவர்.’

அந்தக் கடைசி மூன்று சொற்களில் ‘ஒருவர்’ என்பது மட்டுமே சரி. ரூடி ஒரு பூச்சியைக்கூட எண்ணவில்லை. அவருக்குக் கதிரை செய்யத்தான் தெரியும். நான் உள்ளூரும் இல்லை, உதவியாளரும் இல்லை. பட்டதாரி. சிரேஷ்ட ஆசிரியர். “கடிதம் எழுதுங்கோ சேர்” என்றான் மகேந்திரன். இரண்டு எழுதினேன். இரண்டுக்கும் ‘நன்றி, கவனத்தில் எடுக்கிறோம்’ என்று பதில் வந்தது. கவனத்தில் எடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நானும் முப்பது வருடம் அரசாங்கப் பாடசாலையில் இருந்தவன். ஆகவே போனேன்.

முதல் நாள், சனிக்கிழமை. மகேந்திரன் விமான நிலையத்தில் ஒரு தடித்த சட்டையோடு நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மாணவனுக்கு நரைப்பதில் ஒரு மரியாதைக் குறைவு இருக்கிறது.

“சேர், குளிருதோ?”

“குளிரும் என்று தெரிந்துதானே வந்தேன்.”

ரயில் ஒரு ஏரிக்கரையோடு போனது. எதிர்க்கரை மலைகளில் பனி இன்னும் உருகியிருக்கவில்லை. எங்கள் பெட்டியில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். கதைத்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். எதிரே இருந்த பெண் எங்களைப் பார்த்தாள். மகேந்திரன் குரலைத் தாழ்த்தினான். நான் தாழ்த்தவில்லை. எங்கள் யாழ்தேவி ரயிலில் ஒரு பெட்டிக்குள் ஒரே நேரத்தில் ஆறு சண்டையும் இரண்டு கலியாணப் பேச்சும் நடக்கும். யாருக்கும் காது வலித்ததில்லை.

சர்கன்ஸ் என்ற நிலையத்தில் ரயில் நின்றது. இவ்வளவு நீளமான ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று அறிய மேடையில் இறங்கி, பின்பக்கமாக எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒன்பதாவது பெட்டியில் விரல் வைத்தபோது கதவுகள் எல்லாம் ஒரே மூச்சில் மூடின. விசில் இல்லை, கொடி இல்லை, ஒரு ‘ஏறுங்கள்’ இல்லை. என் பை, குடை, சீட்டு, மகேந்திரன் எல்லாம் போயின. ஜன்னலுக்குள் அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியதை மட்டும் கண்டேன்.

அடுத்த ரயிலில் சீட்டில்லாமல் ஏறினேன். பரிசோதகர் இளைஞர், நல்ல ஆங்கிலம்.

“ஏன் இறங்கினீர்கள்?”

“பெட்டிகளை எண்ண.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “எத்தனை?”

“ஒன்பது.”

“அந்த ரயிலில் பத்து.”

“ஒன்பது. நானே எண்ணினேன்.”

“நீங்கள் இருந்த பெட்டியைச் சேர்த்தீர்களா?”

கூர் வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் என்னை ஒன்றும் செய்யாமல் விட்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அபராதம் போட்டிருந்தால் ஒரு நியாயம் பேசியிருக்கலாம்.

மேடையில் மகேந்திரன் என் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். “என்ன சேர், சின்னப்பிள்ளை மாதிரி! போன் கையில இல்லை, பாசை இல்லை. எங்க போய்த் தேடுறது உங்களை?”

“பத்துப் பெட்டி” என்றேன்.

இரண்டாம் நாள் ஞாயிறு. அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் பூட்டு. காட்சிச்சாலை பூட்டு, கடை பூட்டு. என் பனியனைத் தோய்க்கலாம் என்று குழாயைத் திறந்தேன். மகேந்திரனின் மனைவி சுகந்தி ஓடி வந்தாள்.

“ஐயோ சேர், இண்டைக்குத் தோய்ச்சுக் காயப்போடேலாது. கீழ்வீட்டு மனிசி கடிதம் போடுவா.”

“பனியனுக்கா?”

“போன வருசம் ஒரு கால்மேசுக்குப் போட்டவ.”

கட்டிடத்தில் எட்டுக் குடும்பங்களாம், நிலவறையில் ஒரு தோய்க்கும் இயந்திரமாம். சுகந்தியின் முறை பதினைந்து நாளுக்கு ஒரு தரம், புதன்கிழமை பிற்பகல். அதற்கு ஒரு அட்டவணை கதவில் ஒட்டியிருந்தது. படித்துப் பார்த்தேன், கணக்கில் பிழை இல்லை. பிழை கண்டுபிடிக்க முடியாத அட்டவணைகள் மனிதனைச் சோர்வடையச் செய்கின்றன.

காலையில் சுகந்தி குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தாள். அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. இரவுச் சாப்பாட்டில்தான் பிரச்சினை. “சுவிசுக்கு வந்திட்டு ஃபோண்டு சாப்பிடாமல் போகலாமோ சேர்” என்று மகேந்திரன் மேசை நடுவில் ஒரு சட்டியை வைத்தான். உருக்கிய பாற்கட்டி. பாண் துண்டை ஒரு நீளமான முள்ளில் குத்தி அதற்குள் தோய்த்து வாயில் வைக்க வேண்டும். பிறகு அதே முள்ளு மறுபடி அதே சட்டிக்குள்.

“எச்சில்” என்றேன்.

“எங்கட கூழும் ஒரு சட்டிதானே சேர்.”

“அது அகப்பையால் வார்ப்பது.”

“முள்ளில வாய் படக்கூடாது சேர். பல்லால மெல்லமாக் கழட்டோணும்.”

எனக்கு இருப்பது கட்டிய பல். பதினோரு துண்டு சாப்பிட்டேன். நான்கு சட்டிக்குள் விழுந்தன. விழுத்தியவர் பாட்டுப் பாட வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். நான் பாடவில்லை.

அப்போது மகேந்திரன் டாவோசில் இருந்த காலத்தைப் பற்றிக் கதைத்தான். வந்த புதிதில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினானாம். “எண்ணிக்கொண்டுதான் கழுவுவன் சேர். உங்கட பழக்கம். ஒரு இரவுக்கு எண்ணூறு கோப்பை தாண்டும்.”

“சரியாக எத்தனை?”

“எங்க சேர் சரியா! கை மரத்துப்போம்.” சிரித்தான். “மூண்டு வருசம் அங்க நிண்டனான். என்ர பேர் ஒருதருக்கும் தெரியாது. ‘தமிலே, இங்க வா. தமிலே, அங்க போ.’ நாங்கள் நாலு பேர். நாலு பேரும் தமிலேதான். ஒருதனைக் கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனின் பெயரைக் கேட்காத மனிதர்களும் இருக்கிறார்களா என்று சத்தம் போட்டேன். இது படிப்பில்லாத்தனம், இது திமிர், இவர்களுக்கு நாளைக்கு நான் காட்டுகிறேன் என்றேன். சுகந்தி மெதுவாக எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கீழ்வீட்டு மனிசிக்காக.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் போனோம். பஸ் ஒன்பது பத்துக்கு என்று எழுதியிருந்தது. ஒன்பது பத்துக்கு வந்தது. ஒரு கிழவி தெருவைக் கடந்து கையசைத்து வந்துகொண்டிருக்க, சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார். எங்கள் ஊரில் பஸ் நாற்பது நிமிடம் பிந்தி வரும். ஆனால் கிழவியை ஏற்றும். எது நல்லது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

இருபது நிமிடத்தில் மலையடிவாரக் கிராமம். மகேந்திரன் திறப்புக் கொத்தைக் கையில் வைத்திருந்தும் மணியை அடித்துவிட்டுக் காத்து நின்றான். சுத்தம் செய்ய வரும் நாளில் மட்டும்தான் அவன் தானே திறக்கலாமாம். காட்சிச்சாலைக்குப் பொறுப்பானவர் திருமதி கேர்பர். மெலிந்த பெண்மணி, எழுபது வயதிருக்கும், சம்பளமில்லாத வேலையாம். ஆங்கிலம் தெரியாது. மகேந்திரன் இடையில் நின்றான்.

படத்தின் முன்னால் போய், அதில் இருப்பதுபோலவே விரல் கணுவில் பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

“உங்கட கடிதம் கிடைச்சதாம் சேர். ஆனால் உண்மையிலயே ஒரு ஆள் வருவார் எண்டு நினைக்கேல்லையாம்.”

“ஏன் உள்ளூர் உதவியாளர் என்று போட்டார் என்று கேள்.”

அவர்கள் கதைத்தார்கள். “படத்தின்ர பின்பக்கத்தில ‘பெரிய நாள், எண்ணுதல்’ எண்டு மட்டும்தான் ரூடி எழுதியிருந்தவராம். ரூடி செத்த பிறகுதான் பெட்டி இங்க வந்ததாம். கேக்க ஆளில்லை. ஆபிரிக்காப் படம், கறுத்த ஆள். அப்பிடி நினைச்சிட்டம், வெக்கமாயிருக்கு எண்டு சொல்லுறா.”

“கறுத்த ஆள் என்றால் உடனே உதவியாளரா? வெள்ளைக்காரன் கதிரை செய்தாலும் விஞ்ஞானி, நான் விஞ்ஞானம் படிப்பித்தாலும் கூலியா? அவர் வெட்கப்பட்டால் போதாது என்று சொல்.”

“சேர், அவ அழுதிடுவா.”

“சொல்.”

சொன்னான். அவர் அழவில்லை. உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். கோடை காலத்துக்காகப் படங்களின் கீழுள்ள எல்லா விளக்கப் பலகைகளையும் புதிதாக அச்சிடப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறதாம். என் கடிதங்களைப் பார்த்து, பல வருடத்துக்கு ஒரு தரம் மாறுகிற அந்தப் பலகையை அவர் ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தார். மகேந்திரன் விரல் வைத்து வாசித்தான். ‘பெரிய நாள்: ஒரே காலையில் 49,200. எண்ணியவர்: சி. அருளம்பலம், விலங்கியல் ஆசிரியர், இலங்கை.’

என் பெயரை அவர்கள் எழுத்தில் கண்டபோது என் கண் மங்கியது. எல்லாம் சரியாக இருந்தது. கடல் கடந்து வந்து போடவிருந்த சண்டையில் பாதி மிச்சம் இருக்க, எதிரி சரணடைந்துவிட்டார்.

“மூலப் புத்தகத்தோட ஒருக்காச் சரிபார்த்தால் முடிஞ்சுதாம்” என்றான் மகேந்திரன்.

திருமதி கேர்பர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுத்து வந்தார். என் புத்தகம். நாற்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இடம், கம்பங்களின் தூரம், எண்ணியவர் சி. அ. என்று என் கையெழுத்து. முதல் நாளே உட்கார்ந்து நாற்பது பக்கத்துக்கும் கோடு போட்டுத் தலைப்பு எழுதி வைத்தவன் நான். அது என் வழக்கம். திகதியும் இலக்கமும் மட்டும் பிறகு.

அவர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெரிய நாளின் பக்கத்தில் நின்றார். பென்சிலின் பின்முனையால் வரிசையைக் கீழ்நோக்கித் தொட்டுக்கொண்டு போய், நிமிர்ந்து ஏதோ கேட்டார். மகேந்திரன் உடனே மொழிபெயர்க்கவில்லை.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லை சேர். மற்றப் பக்கங்களில அறுபத்தேழு, எண்பத்துமூண்டு, நாப்பத்தொண்டு எண்டு கிடக்காம். இந்தப் பக்கத்தில மட்டும் எல்லாம் சைபரில முடியுதாம். ஏனெண்டு கேக்கிறா.”

பார்த்தேன். 180, 210, 240, 190. நாற்பத்தெட்டு இலக்கங்கள். நாற்பத்தெட்டும் சைபர்.

“கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டியிருப்பேன் என்று சொல்.”

அவன் அவர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீங்களோ சேர்? பூசணிக்காய்க்குள்ள இருந்த தொண்ணூற்றேழு விதையை நூறு எண்டு எழுதினதுக்கு என்ர உள்ளங்கையில பிரம்பால மூண்டு போட்ட ஆள் நீங்கள்.”

“நாலு” என்றேன்.

“ஓம், நாலு.”

திருமதி கேர்பர் பொறுமையாக நின்றார். அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. இலக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்று அறிய விரும்பினார், அவ்வளவுதான். அந்த நாட்டில் பஸ்ஸும் அட்டவணையும் சரியாக இருப்பது இப்படிப்பட்ட மனிதர்களால்தான் என்று நினைத்தேன். ‘ஆம், மட்டந்தட்டியது’ என்று ஒரு சொல் போதும். அவர் தலையாட்டிவிட்டு மூடிவைப்பார். வெள்ளிக்கிழமை அச்சாகும்.

என்னைக் கேள்வி கேட்டவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு நேரத்துக்காவது அந்தக் கோபம் எனக்குத் துணை நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

“நான் அன்றைக்கு மைதானத்தில் இல்லை” என்றேன். “மலேரியாக் காய்ச்சல். மூன்று நாள் படுக்கையில். படம் எடுத்தது அதற்குப் பிறகு.”

மகேந்திரன் சொன்னான். அவர் நாற்காலியை இழுத்து எனக்கு வைத்தார்.

பள்ளியில் மணி அடிக்கிற ஒரு ஆள் இருந்தார். என்னைவிட மூத்தவர். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு மேசை மணிக்கூடு. அவர் அடித்தால்தான் எங்களுக்குக் காலை. எழுதத் தெரியாது. நான் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. நான் காய்ச்சலில் விழுந்த இரண்டாம் நாள், அதற்கு முன்னும் பின்னும் இல்லாத அளவுக்குப் பூச்சிகள் வந்தன. படுக்கையில் கிடந்தபடி ஜன்னலில் அவை போவதைக் கண்டு நான் அழுதேன் என்று பிறகு ரூடி சொன்னார்.

காய்ச்சல் விட்டு ஆய்வுகூடத்துக்குப் போனால், நீள மேசை மேல் எண்ணெய்ப்பனைக் கொட்டைகள். குவியல் குவியலாக, ஒரே வரிசையில், நாற்பத்தெட்டுக் குவியல். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம், தன் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணியிருக்கிறார். பத்துப் பூச்சிக்கு ஒரு கொட்டை. அன்றைக்குப் பாடசாலை மணிகளையும் தவறாமல் அடித்திருக்கிறார்.

கொட்டைகளை நான் எண்ணினேன். தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. பத்தால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, பக்கத்தில் எழுதினேன். தலைப்பு ஏற்கெனவே எழுதியிருந்தது. எண்ணியவர் சி. அ. அதை வெட்டி எழுதினால் பக்கம் அழுக்காகும். எனக்கு அழுக்கான பக்கம் பிடிக்காது.

மகேந்திரன் இதையெல்லாம் ஜெர்மனில் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. கொட்டைக்கு என்ன சொல் என்று தெரியாமல் ஒருமுறை கைகளால் காட்டினான். திருமதி கேர்பர் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். பலகையில் புதிதாக ஒரு ஆளின் பெயர் ஏறுவதானால் பதிவேட்டுக்காக அவருடைய விபரம் வேண்டுமாம்.

முதலில் எனக்கு ஒன்று நிரப்பினார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகராறு. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, சி. என்பது என் தகப்பன் சின்னத்தம்பி என்று அரை மணி நேரம் வாதாடினேன். கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்றார். கடைசியில் தகப்பன் உள்ளே போனார். இரண்டாவது படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அந்த ஆளின்ர பேர் என்ன சேர்?” என்றான் மகேந்திரன்.

“குவாபெனா.”

“அது முன்பெயரோ, குடும்பப் பெயரோ எண்டு கேக்கிறா.”

“அது கிழமை” என்றேன். “அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு பெயர். செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்பிள்ளை எல்லோரும் குவாபெனா. மிச்சப் பெயர் அதற்குப் பிறகு வரும்.”

“மிச்சப் பெயர்?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். மலைச்சரிவில் பதினான்கு மாடுகள் நின்றன.

“பிறந்த திகதி?”

“செவ்வாய்க்கிழமை.”

“ஊர்? பெண்சாதி, பிள்ளைகள் ஆரும்?”

அந்தப் பக்கத்து ஆண்களில் ஏழில் ஒருவர் குவாபெனா. என் கணக்கு எனக்கு அவ்வளவைத்தான் தந்தது. மகேந்திரன் வேறொன்றும் கேட்கவில்லை. டாவோஸ் ஹோட்டலைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட நான் அவனோடு சண்டை பிடித்திருப்பேன். அவன் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, நடப்போம் என்று மட்டும் சொன்னான்.

நான்காம் நாள் அவன் லீவு எடுத்து என்னைச் சிவப்பு ரயிலில் மலைக்குக் கூட்டிப் போனான். பதினேழு சுரங்கம் வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். ஓரிடத்தில் புல்வெளி ஈரத்தில் சின்னச்சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. “எத்தனை சேர்?” என்றான். “நீயே எண்ணு” என்றேன். எண்ணிவிட்டு இருபத்துமூன்று என்றான். நான் சரிபார்க்கவில்லை.

ஊர் திரும்பி இரண்டு மாதத்தில் புதிய பலகையின் படம் வந்தது. குடைக்குக் கீழே என் பெயர், தொழில், நாடு, எழுத்துப்பிழை இல்லை. அதற்குக் கீழே: ‘பெரிய நாள், 49,200. எண்ணியவர்: குவாபெனா, பள்ளியின் மணியடிப்பவர். குடும்பப் பெயர் தெரியவில்லை.’

அன்றைக்கே மகேந்திரனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“பிழை.”

“என்ன சேர் இனியும் பிழை? எல்லாம் நீங்கள் சொன்னபடிதானே.”

“கடைசி வரி. ‘தெரியவில்லை’ என்று யார் சொன்னது?”

“தெரியாட்டி அப்பிடித்தான் போடுவினமாம் சேர். அது இஞ்சத்தை வழக்கம்.”

“அந்த மனிதன் எனக்கு நான்கு வருடம் மணி அடித்தவர். ஏறத்தாழ எழுநூற்று அறுபது பள்ளி நாள். மட்டந்தட்டித்தான் சொல்கிறேன், என்னால் சரியாக எண்ண முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ‘குட் மோர்னிங் சேர்’ சொன்னார். நான் அவரிடம் மணி என்ன என்றுதான் கேட்டேன்.”

பின்னணியில் வாளித் தண்ணீர் சத்தம் கேட்டது. வேலையில் நின்றிருப்பான்.

“அப்ப என்ன போடச் சொல்லுறது சேர்?”

“‘கேட்கவில்லை’ என்று போடச் சொல்” என்றேன். “குடும்பப் பெயர் கேட்கப்படவில்லை. கேட்காதவர் மேலே படத்தில்.”